தோல் கெடாத சன்னம்

சித்திக்கு மொன்றியலில் கிடைத்த முதல் வேலை ஓட்டை அடைப்பது. இதைக் கேட்பவர்கள் கூரை வேலையோ குழாய் வேலையோ என்று நினைத்துக்கொள்வார்கள். கோயிலில் யாராவது விசாரித்தால் அம்மா "தையல் வேலை" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கதையை மாற்றிவிடுவார். உண்மையில் சித்தி அடைத்தது நரித் தோலில் இருந்த ஓட்டைகளை. நரி என்பது நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட கொயோட் என்ற பிராணி ஒன்று இந்த நாட்டு வயல்வெளிகளில் திரிகிறது. குளிர்கால அங்கியின் தலைமூடியைச் சுற்றி அடர்த்தியாக மயிர் வைத்துத் தைத்திருக்கிறார்களே, அது பெரும்பாலும் இதன் தோல்தான். சுட்டுப் பிடித்த பிராணியின் தோலில் ஓட்டை இல்லாமல் இருக்குமா?

மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் அந்தப் பட்டறை இருந்தது. முதலாளி ஒரு வயதான கிரேக்கர். பதனிட்ட தோலைக் கவிழ்த்துப் போட்டு, ஓட்டையைச் சுற்றிக் கண்ணின் வடிவத்தில் வெட்டி எடுத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்து, மயிர் தையலுக்குள் அகப்படாமல் ஊசியால் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். பிறகு திருப்பி மயிரைச் சீவிவிட்டால் ஓட்டை இருந்த இடம் அந்த நரிக்கே தெரியாது என்று அப்பா சொல்வார். வெள்ளிக்கிழமைகளில் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாத சித்தி, மற்ற நாளெல்லாம் செத்த பிராணியின் தோலோடு குடும்பம் நடத்தினார். வேலையால் வந்ததும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் சாமித்தட்டுக்கு முன்னால் போவார். கடவுளுக்கு நரிவாடை ஆகாது என்று யார் சொன்னார்களோ தெரியாது, குளிர்காலம் முழுக்கச் சித்திக்குத் தடிமனும் தும்மலும் விட்டதே கிடையாது.

எங்கள் வீட்டில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது சித்தப்பாவின் உடம்பில் விழுந்தது.

சித்தப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில், சனமெல்லாம் ஒரு துண்டுக் கடற்கரைக்குள் ஒடுங்கியிருந்தபோது, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவருக்குச் சன்னம் பட்டது. எங்கள் ஆட்கள் துப்பாக்கிக் குண்டைச் சன்னம் என்பார்கள். குண்டு என்றால் அது வானத்திலிருந்து விழுவது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்படுகிற அளவுக்கு இரண்டும் தாராளமாகக் கிடைத்த இடம் அது. சித்தி அப்போது பதுங்குகுழிக்குள் இருந்தார். பக்கத்துக் குழிக்காரர் ஒருவர்தான் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், காயக்காரரை ஏற்றிப்போன உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தியவர். அவர் ஓடிவந்து சித்தியிடம் சொன்னது இவ்வளவுதான்.

"பயப்பிடாதை தங்கச்சி. நெஞ்சுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை. முதுகைக் கையால தடவிப் பாத்தனான், பின்னால ஒண்டுமில்லை."

அந்த உழவு இயந்திரம் போன பக்கம் அதன்பிறகு ஷெல் விழுந்தது, சனம் திக்குத் திக்காகச் சிதறியது. சொன்னவரையும் பிறகு காணவில்லை. சித்தி முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. பிறகு எப்படியோ கடல் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்த எப்படியோ என்பதற்குள் என்ன இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

ஆகச் சித்தியிடம் மிஞ்சியிருந்த சொத்து அந்தச் சின்ன ஓட்டைதான். அதை வைத்துத்தான் அம்மா தன் தங்கச்சியைத் தேற்றுவார். சின்னக் காயம், பின்னால் ஒன்றுமில்லை, உள்ளே பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது, எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒருநாள் விடத்தானே வேண்டும். பெரிய பெரிய காயங்களோடு பிழைத்து வந்தவர்களின் ஊரும் பேரும் அம்மாவுக்கு மனப்பாடம். இந்தப் பேச்சு தொடங்கினால் அப்பா எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார். பட்டறை வேலை சித்தியின் நம்பிக்கையை இன்னும் கூட்டிவிட்டது என்றே நினைக்கிறேன். சின்ன ஓட்டை என்றால் கொஞ்ச நேர வேலை, பெரிய ஓட்டை என்றால் தோலே வீண். இதை அவர் தினமும் தன் கையால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு எல்லாம் சின்ன ஓட்டைதான் அக்கா, ஒன்றும் வீணாகவில்லை என்று அவர் சொல்கிற நாட்களில் அம்மாவின் முகமும் தெளிந்துவிடும். நரித் தோலில் சகுனம் பார்த்த குடும்பம் மொன்றியலில் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பட்டறைக்கு வந்த தோல்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தன. ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் முஷ்டி நுழையும். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். தோல் கொடுத்தவர் ஆற்றுக்குத் தெற்கே, சோளம் விளைகிற ஓர் ஊரில் இருந்த வேட்டைக்காரர். அடுத்த வேட்டைப் பருவம் தொடங்குமுன் அவரை நேரில் பார்த்து, சன்னத்தை மாற்றச் சொல்லிவிடுவது என்று முதலாளி தீர்மானித்தார். வாயால் சொன்னால் ஏறாது என்பதால், கெட்டுப்போன தோல்களையும் அவற்றோடு மாரடிக்கிற சித்தியையும் கூடவே கொண்டுபோவதாக ஏற்பாடு.

இதைக் கேட்டதும் அம்மா ஒரே பிடியாக நின்றார். புருசன் பக்கத்தில் இல்லாத பெண் பிற ஆம்பிளையோடு தனியாகக் காரில் போனால் நாளைக்குக் கோயிலில் என்ன கதைப்பார்கள்? முதலாளிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊன்றுகோல் இல்லாமல் காரைச் சுற்றி வரவே அவரால் முடியாது. அதெல்லாம் அம்மாவிடம் எடுபடவில்லை. கடைசியில் காவலுக்கு என்னை அனுப்பினார். கிரேக்கருக்கும் சித்திக்கும் நடுவில் கொஞ்ச ஆங்கிலச் சொற்களும் நிறையக் கைச்சைகையும்தான் இருந்தன. வேட்டைக்காரர் பேசுவது பிரெஞ்சு, எனக்கோ பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. ஆகக் காவல்காரியே மொழிபெயர்ப்பாளரும் ஆனாள். அன்றைக்கு என் தலைக்கனத்தைக் கேட்கவா வேண்டும்!

அது புரட்டாதிச் சனிக்கிழமை. சித்தி பிடித்த விரதங்களிலேயே அதுதான் கடுமையானது. மாலையில் கோயிலில் எள்ளுப் பொட்டலம் வைத்து எண்ணெய் எரித்துவிட்டு வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சித்தப்பாவுக்குச் சனி நடக்கிறது, அது விலகினால் வந்துவிடுவார் என்று யாரோ சாதகம் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். செத்தவருக்குச் சனி நடக்காதே என்று அப்பா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அம்மா அவரோடு பல நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து வயல்கள் வந்தன. சோளம் வெட்டி முடிந்து கட்டைகள் மட்டும் நின்றன. பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் குப்பைப் பை ஒன்றில் தோல்கள் இருந்தன. வழியெல்லாம் சித்தி முதலாளிக்கு விளங்காத தமிழில் எனக்கு ஒழுக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே தருவதையெல்லாம் வாங்கித் தின்னக் கூடாது, துப்பாக்கியைத் தொடக் கூடாது, வேட்டைக்காரர் சொல்வதை ஒன்றும் விட்டுவிடாமல் தமிழில் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் என் காதில் விழவில்லை. மூன்றாவதை மட்டும் நான் பொன்னாகக் காப்பாற்றினேன்.

வேட்டைக்காரர் என்றதும் நான் மீசையும் உறுமலுமாக ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் வயிறு தள்ளிய, குரல் தாழ்ந்த ஒரு கிழவர். கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தார். தனி ஆள் போலிருக்கிறது, சமையலறையில் ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. மேசையைச் சுற்றி எங்களை உட்கார வைத்துக் கோப்பி தந்தார், ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார். சித்தி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். சித்தியின் பங்கையும் நானே தின்று உதவினேன்.

முதலாளி தோல்களை மேசையில் விரித்தார். சித்தி ஒவ்வொன்றாகத் திருப்பி, எந்த ஓட்டையை அடைக்கலாம், எதை அடைக்க முடியாது என்று விரல் வைத்துக் காட்டினார். கிழவர் அதைப் பார்த்துக் காதுவரை சிவந்துபோனார். போன குளிர்காலம் தன் சின்னத் துப்பாக்கி பழுதாகிவிட்டதால் எல்லாவற்றையும் மான் சுடுகிற பெரிய துவக்கால்தான் சுட்டாராம். பிறகு எழுந்து போய் மூன்று சன்னங்களைக் கொண்டுவந்து மேசை விரிப்பில் நிறுத்திவைத்து விளக்கத் தொடங்கினார்.

முதலாவது மானுக்கானது. உடம்புக்குள் போனதும் அதன் மூக்கு காளான்போல விரியும். வெளியேறும்போது வாசலையே பெயர்த்துக்கொண்டு போகும். இரண்டாவதுக்கு முழுக்கச் செப்பு உறை. விரியாது, உடையாது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் சின்ன ஓட்டைதான். அது தோலுக்கு நல்லதாயிற்றே என்று முதலாளி கேட்டார். நல்லதுதான், ஆனால் தோல் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்றார் கிழவர். இது பட்ட பிராணி உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கேயாவது ஒரு புதர்ப் பற்றைக்குள் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கும். அதைக் காகம்தான் முதலில் கண்டுபிடிக்கும். மூன்றாவது மிகவும் சின்னது. பாரம் குறைந்தது, வேகம் கூடியது, உறை மெல்லியது. எலும்பில் பட்டால் வெளியிலேயே வெடித்துத் தோலைக் கிழித்துவிடும், ஆகவே தோள்பட்டைக்குப் பின்னால் பார்த்துச் சுட வேண்டும். சரியாகப் பட்டால் உள்ளே போய்த் தூளாகிவிடும். வெளியே வராது. ஒரு பக்கம் பென்சில் முனையளவு ஓட்டை, மறுபக்கம் தோல் முழுசாக இருக்கும்.

ஒரு சொல் விடாமல் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் இரண்டுக்கும் சித்தி வேலைக்காரியாகத் தலையாட்டிக் கேட்டார். மூன்றாவதில் தலையாட்டல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் அடித்தது. வீட்டுக்குள் சரியாகக் கேட்காமல் அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் மேசையில் மூன்று சன்னங்களும் மிச்சம். சித்தி மூன்றாவதைக் கையில் எடுக்கவில்லை, விரலால் மட்டும் தொட்டார்.

"பின்னால ஒண்டுமே இராதோ எண்டு கேள்."

கேட்டேன். கிழவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு நல்ல தோலை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகை உள்ளங்கையால் நீளமாகத் தடவிக் காட்டினார். இப்படித் தடவினாலும் ஒன்றும் தட்டுப்படாது என்றார். அப்படிப் பட்ட நரி எழும்பி ஓடுமா என்று சித்தி கேட்கச் சொன்னார். ஓடாது, நின்ற இடத்திலேயே விழும். ஒன்றாவது தப்பிப் பிழைத்திருக்கிறதா? தனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் உள்ளே என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குக் கிழவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். சின்னப் பிள்ளையின் வாயால் இதைச் சொல்ல வைக்கலாமா என்ற தயக்கம். நான் பெரிய மனுசித் தோரணையில், பரவாயில்லை சொல்லுங்கள் என்றேன். நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் சூப்பாகிவிடும் என்றார். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. உள்ளுக்குள் எல்லாம் சூப் ஆகிவிடுமாம் சித்தி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

சித்தி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொன்று கேட்கச் சொன்னார்.

"நோகுமோ எண்டு கேள்."

இதென்ன கேள்வி என்று எனக்குப் பட்டது. சுட்டால் நோகாமல் இருக்குமா? ஆனாலும் கேட்டேன். கிழவரின் முகம் இளகிவிட்டது. நரிக்காக மனம் வருந்துகிற பட்டணத்துப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும். கதிரையை இழுத்துப்போட்டுச் சித்திக்கு நேரே உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் பிரெஞ்சு எல்லோருக்கும் விளங்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

"ஒன்றும் தெரியாது மதாம். வெடிச் சத்தம் காதுக்குப் போகுமுன்னமே முடிந்துவிடும். நோகிறதுக்கு நேரமே இல்லை. என் தாய்மேல் ஆணை."

ஆணையையும் சேர்த்து நான் மொழிபெயர்த்தேன். சித்தி அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லில், மெர்சி என்று நன்றி சொன்னார். ஒருமுறை சொன்னால் போதாதா? திரும்பத் திரும்பச் சொன்னார். கிழவருக்கே கூச்சமாகிவிட்டது. முதலாளி திரும்பி வந்ததும் பேச்சு சுருக்கமாக முடிந்தது. இனிமேல் மூன்றாவது சன்னம்தான். கிழவர் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் முதலாளி பெற்றோல் அடிக்க நிறுத்தினார். பக்கத்தில் ஒரு தெப்பனர், இந்த ஊர்ப் பெட்டிக்கடை. சித்தி காரைவிட்டு இறங்கித் தனியாக உள்ளே போனார். அவர் எங்கேயும் தனியாகக் கடைக்குள் போகிறவர் அல்ல. வரும்போது கையில் ஒரு சான்ட்விச் இருந்தது. முட்டை சான்ட்விச். முன்சீட்டில் உட்கார்ந்து கடதாசியைப் பிரித்து, நான் பார்க்கப் பார்க்க, பெரிய பெரிய கடியாகக் கடித்துச் சாப்பிட்டார். புரட்டாதிச் சனி, விளக்கு இன்னும் எரிக்கவில்லை, அதுவும் முட்டை! சித்தி, விரதம் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினேன். பசிக்குது என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைய நாளில் நடந்த பயங்கரம் அந்த முட்டைதான் என்று நான் முடிவுகட்டினேன். கொன்றாலும் அம்மாவிடம் சொல்வதில்லை என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். வீட்டில் அம்மா குளித்து முழுகி, எள்ளுப் பொட்டலங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அப்பாவின் கையில் கார்ச் சாவி. சித்தி கால் நோகிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எள்ளு அன்றைக்கு எரியவில்லை. அடுத்த சனியும் எரியவில்லை.

பிறகு ஒருநாள் அம்மாவும் சித்தியும் அறைக்குள் இருந்து நெடுநேரம் கதைத்தார்கள். அம்மா வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு, அந்த மனுசன் என்ன சொன்னான் என்று கேட்டார். எனக்கு மறுபடியும் மேடை கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் மூன்று கரண்டிகளை நிறுத்தி, கிழவரைப்போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு விளக்கினேன். சூப் என்ற இடத்துக்கு வந்தபோது கன்னத்தில் விழுந்தது அறை. அம்மா என்னை அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. முட்டை விசயம் பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் சாப்பிடவில்லை, சித்திதான் சாப்பிட்டார் என்று அழுதுகொண்டே போட்டுக்கொடுத்தேன். அம்மாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எனக்கு அவர் அடித்தது விளங்கவில்லை.

சித்தப்பா இல்லை என்ற முடிவில் சித்தி நின்றுவிட்டார். கோயிலில் ஐயர் திதி கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் அந்தத் தண்ணீர் எடுக்கப் போன நாளைச் சொன்னார். அதுவரை அந்த நாளைத் தனக்குள் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்பா தர்ப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தார். அம்மா வரவில்லை. "ஒரு நரிக்காரன் சொன்னதுக்கு ஆரும் தாலியைக் கழட்டுவினமோ?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அக்கா தங்கச்சிக்கு இடையில் அன்றைக்கு விழுந்த பிளவு பிறகு ஒருபோதும் சரியாகவில்லை. சித்தி அதே கட்டடத்தில் கீழ்மாடியில் ஓர் அறை வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிழவர் சொன்ன சொல் தவறவில்லை. அந்தக் குளிர்காலத்திலிருந்து பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தோலிலும் ஒரு சின்ன ஓட்டைதான் இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒருநாள் நான் சித்தியோடு பட்டறைக்குப் போயிருந்தேன். தோலை எடுத்ததும் அவர் முதலில் ஓட்டையைப் பார்க்கமாட்டார். கவிழ்த்துப் போட்டு முதுகைக் கையால் ஒருமுறை தடவுவார். பிறகுதான் ஓட்டையைத் தேடித் தைப்பார். அடுத்ததை எடுப்பார், தடவுவார். வேலையே அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் ஒரு துண்டுத் தோலை வைத்துத் தடவி விளையாடினேன். பட்டறை மூடப்படும்வரை சித்தி அந்த வேலையை விடவில்லை. முதலாளிக்கு அவர்மேல் நல்ல மதிப்பு. தோல் கெடாமல் வருவதற்குக் காரணமே இவர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சொல்வார்.

இப்போது நான் ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். போன வருடம் ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. புரட்டிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமில்லை. முடிந்தது, உள்ளே எல்லாம் போயிருக்கும் என்றே நினைத்தேன். படம் எடுத்துப் பார்த்தபோது சன்னம் முழுசாக முதுகுத் தசைக்குள் உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். சில நாட்களில் அவன் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்கிற டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். உள்ளே போய்த் தூளாகிற சன்னங்கள் பெரும்பாலும் வேட்டைக்கென்று செய்தவை, படைகள் பாவிப்பது அநேகமாகச் செப்பு உறை போட்டது என்றார். அது வழக்கமாக மறுபக்கம் போய்விடும். போகாமல் உள்ளே நின்றால், தூரத்திலிருந்து வந்து வேகம் அடங்கியதாக இருக்கலாம், வேறெதிலாவது பட்டு வந்ததாக இருக்கலாம். நேரத்துக்குக் கொண்டுவந்தால் பிழைக்க இடமுண்டு என்றார். நான் கோப்பி ஆறும்வரை அங்கேயே நின்றேன். தோல் கெடக் கூடாது என்று சன்னம் தேடுவது நரிக்குத்தான். மனிதத் தோலை யாரும் வாங்குவதில்லை, அதைக் காப்பாற்றச் சன்னம் தேடி எந்தப் படையும் மினக்கெடுவதில்லை. இது கிழவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் அதைக் கேட்டவர் யார்? நாங்கள் நரியைப் பற்றியல்லவா கேட்டோம்.

அப்படியானால் அம்மா சொன்னதுதான் சரியா? அந்த உழவு இயந்திரப் பெட்டியில் சித்தப்பா உயிரோடுதான் கிடந்தாரா? எவ்வளவு நேரம் கிடந்தார்? பிறகு என்ன ஆனார்? எள்ளு எரித்துக் காத்திருந்ததற்கு ஒரு நியாயம் இருந்ததா? இதையெல்லாம் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு, இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் போனேன்.

சித்தி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். தலைமயிர் நன்றாக வெளுத்துவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி என்று விசாரித்தார். கேட்பாரே தவிர மேல்மாடிக்கு ஏறிப்போய்ப் பார்க்கமாட்டார். நான் சுற்றி வளைத்து, அந்த வேட்டைக்காரரை ஞாபகம் இருக்கிறதா என்று தொடங்கினேன். அதற்கு மேல் சொல்ல அவர் விடவில்லை. இடியப்பத் தட்டை வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அந்தாள் எங்கயிருந்தாலும் நல்லாயிருக்க வேணும் பிள்ளை. அந்தாளைக் காணுறதுக்கு முதல் நான் கண்ணை மூடினால் உன்ரை சித்தப்பா எங்கயோ கிடந்து நோவில கத்துற சத்தம்தான் கேக்கும். உன்ரை அம்மா அவர் இருக்கிறார், இருக்கிறார் எண்டு சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் கூடும். இருக்கிறார் எண்டால் எங்கையோ போட்டு அடிக்கிறாங்கள் எண்டுதானே? நோகேல்லை எண்டு எனக்குச் சொன்னது அந்தாள் ஒருத்தர்தான். அண்டைக்குத்தான் நான் நித்திரை கொண்டனான்."

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார், சொதியை மேலே ஊற்றினார். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, வாறன் சித்தி என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன செய்தியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். இனி அது எனக்குள்தான் கிடக்கும். சித்தப்பா எங்கேயோ ஒரு பற்றைக்குள் கிடந்து இழுக்கிற சத்தம் இப்போது எனக்குக் கேட்கிறது.

அந்தச் சமையலறையில் சித்தி கேட்ட கேள்விகளில் கடைசிக் கேள்விதான் உதவாத கேள்வி என்று நான் நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் தொழில் சம்பந்தப்பட்டது, இது சும்மா கேட்டது என்று. புருசன் செத்துப்போனாலும் பரவாயில்லை, அவருக்கு நோகாமல் இருந்தால் போதும் என்று ஒரு பெண் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.